பத்து சென்ட் ஃப்யூஸும் நாலு சக்கரமும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. ஒரு பக்கம் அசைன்மெண்ட், இன்னொரு பக்கம் ராத்திரி ஷிஃப்ட். நடுவுல கொஞ்சம் தூக்கம், கொஞ்சம் ரசம் சாதம். இப்ப எழுத உக்காந்ததுக்குக் காரணம் எங்க வீட்டுல மூணு மாசமா நடந்த ஒரு பஞ்சாயத்து. மேட்டர் இதுதான்: நாலு சக்கரத்துலயும் இழுக்கிற காரை ரெண்டு சக்கர இழுவையா மாத்திட்டா பெட்ரோல் மிச்சமாகுமா, ஆகாதா?

"மாத்திடலாம்"னு கொடி பிடிச்ச கட்சியில நானும் இருந்தேன். இப்ப கட்சி மாறிட்டேன். ஏன்னு சொல்றேன்.

முதல்ல கார். சிட்னி வெஸ்ட்மீட்ல நாங்க மூணு பேரு ஒரு வீடு. நான், ஒரு கோயமுத்தூர்க்காரன், அப்புறம் எங்களைவிட பத்து வயசு மூத்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா. மூணு பேரும் காசு போட்டு வாங்கினது ஒரு பழைய சுபாரு ஃபாரெஸ்டர், ஆட்டோமேட்டிக். இருபது வயசைத் தாண்டின வண்டி. எனக்கும் கோவைக்காரனுக்கும் ஈஸ்டர்ன் க்ரீக் பக்கம் கிடங்குல ராத்திரி வேலை. விடிகாலை நாலு மணிக்கு ஷிஃப்ட் முடியும்போது அங்கிருந்து வீட்டுக்கு ரயிலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அதனால கார் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை, சோத்துக்கான வழி.

2023 ஜூலை 1-லருந்து மாணவர் விசாக்காரங்க வகுப்பு நடக்கிற காலத்துல ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். வருமானத்துக்கு மேல ஒரு மூடி போட்டாச்சு. அப்ப என்ன பண்ணுவோம்? செலவுல கை வைப்போம். வாடகையில கை வைக்க முடியாது. அரிசியில கை வைக்க மனசு வராது. மிச்சம் இருக்கிறது பெட்ரோல்.

கோவைக்காரன்தான் ஆரம்பிச்சான். "மச்சி, இந்த வண்டியில ஒரு ஃப்யூஸ் மாட்டினா பின் சக்கர இழுவை கட் ஆயிடும்டா. அஞ்சு நிமிஷ வேலை. முன் சக்கரம் மட்டும் இழுக்கும். பெட்ரோல் மிச்சம்!"

அவன் சொன்னது புரளி இல்லை, நிஜம். அந்தக் காலத்து நாலு கியர் ஆட்டோமேட்டிக் சுபாருல பின் சக்கரத்துக்கு சக்தி போறது ஒரு கிளட்ச் வழியா. கியர்பெட்டியோட பின்பக்கம், எண்ணெயில ஊறிக்கிட்டிருக்கிற அடுக்குத் தட்டு கிளட்ச். அதை இறுக்கறதும் தளர்த்தறதும் ஒரு மின்சார வால்வு. இன்ஜின் அறைக்குள்ள காலியா ஒரு ஃப்யூஸ் பொந்து இருக்கும். அதுல ஒரு ஃப்யூஸைச் சொருகினா அந்த கிளட்ச் முழுசா தளர்ந்துடும். டாஷ்போர்டுல முன் சக்கர இழுவைன்னு சொல்ற சின்ன விளக்கு எரியும். அவ்ளோதான்.

ஆனா கம்பெனி அதை எதுக்கு வச்சிருக்கு? பஞ்சர் ஆகி, டிக்கியில இருக்கிற சின்ன ஸ்பேர் டயரை மாட்டும்போது நாலு டயரும் ஒரே அளவுல இருக்காது. அப்ப பின் சக்கர கிளட்ச் ஓயாம உரசி சூடாகாம இருக்க இந்த ஏற்பாடு. மெதுவா வீடு போய்ச் சேர்ற வரைக்கும். அதை நாங்க நிரந்தரமா சொருகி வைக்கலாம்னு முடிவு பண்ணோம். (எல்லா சுபாருலயும் இந்தப் பொந்து கிடையாது. உங்க வண்டியோட கையேட்டைப் பாருங்க. நான் சொன்னேன்னு கண்ட எடத்துல சொருகிட்டு என்னைத் திட்டாதீங்க.)

அண்ணா மட்டும் ஒத்துக்கல. "அளந்து பார்த்திட்டுச் செய்யுங்கோ தம்பி. அளக்காமச் செய்யிறது நேர்த்திக்கடன் மாதிரி" எண்டார்.

சரின்னு அளந்தோம். மூணு டேங்க் நாலு சக்கரத்துல, மூணு டேங்க் ஃப்யூஸ் சொருகி. ஒரே பங்க், ஒரே வழி, வாயைக் கட்டிக்கிட்டு முதல் 'டிக்' சத்தத்தோட பம்பை நிறுத்தறது. நாலு சக்கரத்துல 100 கிலோமீட்டருக்கு 11.3 லிட்டர். ஃப்யூஸோட 11.1 லிட்டர். வித்தியாசம் 0.2! சிக்னல்ல ரெண்டு நாள் கூடுதலா நின்னா மாறிப் போற அளவு. இது ஆராய்ச்சி இல்லை, மூணு பசங்க நோட்டுல கிறுக்கின கணக்குதான். ஆனாலும் கோவைக்காரன் முகம் வாடிப் போச்சு.

ஏன் இவ்ளோ கொஞ்சம்? யோசிச்சா புரியுது. ஃப்யூஸ் சொருகினா பின் சக்கரத்துக்கு சக்தி போறது நிக்குது, ஆனா எதுவுமே சுத்தறதை நிறுத்தல. ரோட்டுல உருள்ற பின் சக்கரம் ஆக்ஸிலைச் சுத்துது, ஆக்ஸில் கிரௌனைச் சுத்துது, கிரௌன் அந்த நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைச் சுத்துது. முன்னாடி இன்ஜின் சுத்திவிட்டதை இப்ப ரோடு சுத்திவிடுது. அதுக்கான சக்தியும் கடைசியில முன் சக்கரம் வழியா நம்ம பெட்ரோல்லருந்துதான் வரணும். எடையும் குறையல. சுமார் ஒன்றரை டன் வண்டி அப்படியேதான் இருக்கு. ஊருக்குள்ள ஓட்டும்போது பெட்ரோலைத் தின்கிறது அந்த எடையை ஒவ்வொரு சிக்னல்லயும் கிளப்பறதும், அடுத்த சிக்னல்ல பிரேக் போட்டு அந்த சக்தியைச் சூடா காத்துல விடறதும். எம்4 நெடுஞ்சாலையில போனா காத்தோட மல்லுக்கட்டறதுதான் பெரிய செலவு. பின்னாடி சுத்தற ஷாஃப்ட் இந்தக் கூட்டத்துல ஒரு சின்னப் பங்காளி.

"அப்ப ஷாஃப்டையே கழட்டிடுவோம்"னான் கோவைக்காரன். விட மாட்டான்ல! ஒரு பட்டறையில விசாரிச்சோம். (பேரு வேணாம்.) 450 டாலர் கேட்டாங்க. எதுக்கு அவ்ளோன்னா, இந்த வண்டியில ஷாஃப்டை உருவினா கியர்பெட்டியோட வால் பக்கம் திறந்து கிடக்கும், எண்ணெய் ஒழுகும், அதை அடைக்கணும். பக்கத்து வீட்டுப் பையனோட அதே சுபாரு, ஆனா மேனுவல் கியர். அதுல இன்னும் வம்பு. நடுவுல ஒரு டிஃபரன்ஷியல் இருக்கு. அது முன்னாடி பின்னாடி சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கும். பின் ஷாஃப்டைக் கழட்டினா சக்தி எதிர்ப்பு இல்லாத பக்கம் ஓடப் பார்க்கும், கூட இருக்கிற விஸ்கஸ் கப்ளிங் பாரத்தை மொத்தமா தாங்கிச் சூடாகும். அதனால அந்த டிஃபரன்ஷியலையே பூட்டியாகணும். அதாவது கியர்பெட்டியைப் பிரிக்கணும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாங்க வருஷத்துக்கு ஒரு 12,500 கிலோமீட்டர் ஓட்டறோம். 100-க்கு 11 லிட்டர்னா 1,375 லிட்டர். ஷாஃப்டைக் கழட்டினா தாராளமா 5% மிச்சம்னே வச்சுக்குவோம், கிட்டத்தட்ட 69 லிட்டர். லிட்டர் 1.90 டாலர்னா வருஷத்துக்கு 131 டாலர். 450 டாலர் போட்டதை எடுக்கவே மூணரை வருஷம். நம்ம படிப்பு ரெண்டு வருஷம்!

இதோட பஞ்சாயத்து முடிஞ்சிருக்கணும். ஆனா ஃப்யூஸ் மட்டும் பொந்துலயே இருந்துச்சு. "0.2-ஆ இருந்தாலும் மிச்சம் மிச்சம்தானே"ன்னு நான்தான் விட்டு வச்சேன். அப்புறம் மறந்தே போனோம். அங்கதான் வந்துச்சு வினை.

ஜூலையில பனி பார்க்கணும்னு ஆசைப்பட்டு த்ரெட்போ கிளம்பினோம். சிட்னியிலருந்து கான்பெர்ரா வழியா கூமா, ஜிண்டபைன், அங்கிருந்து மலை ஏறணும். அண்ணாவோட மெல்பர்ன் தங்கச்சி, அவங்க புருஷன், ரெண்டு வயசுக் குழந்தை மூணு பேரும் தனியா ஜிண்டபைன் வந்து சேர்ந்தாங்க. அவங்க கார் சின்னது, மலைக்கு வேணாம்னு எங்க வண்டியில மாறிக்கிறதா திட்டம். கோவைக்காரன் "நான் கீழயே காபி குடிச்சிட்டு இருக்கேன், குழந்தையைக் கூட்டிட்டுப் போங்க"ன்னுட்டான்.

மலைக்குப் போற ரோட்டுல ஒரு அறிவிப்புப் பலகை. கோசியஸ்கோ தேசியப் பூங்காவுக்குள்ள குளிர்காலத்துல ரெண்டு சக்கர இழுவை வண்டி போனா பனிச் சங்கிலி கையில வச்சிருக்கணும்னு விதி. நாலு சக்கர இழுவை வண்டிக்கு நியூ சவுத் வேல்ஸ்ல இந்தக் கட்டாயம் இல்லை. நான் ரொம்பப் பெருமையா "நமக்கு இது தேவையில்லை, நம்மது ஆல்-வீல்"னேன்.

அண்ணா முன் சீட்டுல உக்காந்து டாஷ்போர்டைப் பார்த்துக்கிட்டே கேட்டார்: "தம்பி, இந்தச் சின்ன வெளிச்சம் எரியுதே... இப்ப இந்தக் கார் ரெண்டு சில்லோ, நாலு சில்லோ?"

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது.

வண்டியோட பின்பக்கம் ஆல்-வீல்னு பட்டை. பதிவுப் பத்திரத்துல சுபாரு ஃபாரெஸ்டர். எங்க பேச்சுல ஆல்-வீல். நிஜத்துல? முன் சக்கரம் மட்டும் இழுக்கிற, சங்கிலி இல்லாத, தேய்ஞ்ச டயரோட, பின் சீட்டுல குழந்தையை வச்சிருக்கிற ஒரு சாதாரண கார். எல்லாம் பத்து சென்ட் பெறுமான ஒரு ஃப்யூஸால.

ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து, விறைச்சுப் போன விரலால அந்த ஃப்யூஸைப் பிடுங்கினேன். விளக்கு அணைஞ்சுது. அண்ணா ஒண்ணும் சொல்லல. சொல்லாததுதான் இன்னும் உறுத்துச்சு. அப்புறம் அந்தத் தேய்ஞ்ச முன் டயரைக் குனிஞ்சு பார்த்தார். நானும் பார்த்தேன். ஃப்யூஸ் போட்டு ஓட்டின நாள்ல இழுவை மொத்தமும் முன் டயர் மேல. பின் டயரைவிட முன் டயர் கண்ணுக்குத் தெரியற அளவு தேய்ஞ்சிருந்துச்சு. நாலு சக்கர இழுவை வண்டியில நாலு டயரும் ஒரே சுற்றளவுல இருக்கணும். இல்லேன்னா அந்த கிளட்ச் சும்மா இருக்கும்போதும் உரசிக்கிட்டே இருக்கும். அதாவது, எந்தக் கேட்டைத் தடுக்கிறதுக்காக கம்பெனி அந்த ஃப்யூஸைக் கொடுத்துச்சோ, அதே கேட்டை அந்த ஃப்யூஸை வச்சே நாங்க உண்டாக்கிட்டோம். 0.2 லிட்டர் மிச்சம் பிடிச்சு டயர்ல விட்டோம்.

அன்னிக்கு மேல போகல. ஜிண்டபைன் ஏரிக்கரையில குழந்தைக்குத் தூரத்துப் பனியைக் காட்டிட்டு, சூடா சிப்ஸ் வாங்கித் தின்னுட்டுத் திரும்பிட்டோம். திரும்பி வர்ற ஆறு மணி நேரமும் எனக்கு எங்க மாமா ஞாபகம்தான். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

எங்க ஊரு தேனி மாவட்டம் போடி பக்கம். மாமா ஜீப் ஓட்டினவர். விடிகாலையில போடியிலருந்து ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆளுங்களை ஏத்திக்கிட்டு போடிமெட்டு வழியா இடுக்கி மலைக்குப் போற ஜீப்புங்க இருக்கே, அதுல ஒண்ணு அவரோடது. பழைய நாலு சக்கர ஜீப். ஆனா முன் ஷாஃப்ட் வண்டியில இருக்காது. பட்டறைச் சுவத்துல ஆணியில தொங்கும். சின்ன வயசுல கேட்டிருக்கேன், "ஏன் மாமா கழட்டி வச்சிருக்கீங்க?"

"தார் ரோட்டுல அது எதுக்கு மாப்ள சும்மா சுத்திக்கிட்டு? மழைக்காலம் வரட்டும், தோட்டத்துக்குள்ள சேறு வரும், அப்ப மாட்டிக்குவோம்."

மாமா செஞ்சது சரி. நாங்க செஞ்சது தப்பு. ரெண்டும் ஒரே வேலைதானேன்னு தோணும். இல்லை. அந்த மாதிரி ஜீப்ல நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஒரு லிவர்தான். தேவைன்னா முன் சக்கரத்தைச் சேர்க்கலாம், வேணாம்னா விடலாம். பிறவியிலயே அது 'தேவைப்பட்டா நாலு' வண்டி. ஷாஃப்டைக் கழட்டினா எந்த உறுப்பும் கேட்காது. முக்கியமா, அது கழண்டு கிடக்குன்னு மாமாவுக்குத் தெரியும். தினமும் சுவத்துல பார்ப்பார். நாங்க எங்க ஃப்யூஸை மறந்துட்டோம்.

இந்தப் பிரச்சினை ஜீப் அளவுக்கே பழசு. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு ராணுவ ஜீப்பெல்லாம் அமெரிக்காவுல ஜனங்க கைக்கு வந்தப்ப, தார் ரோட்டுல முன் சக்கரம் வீணா எல்லாத்தையும் இழுத்துச் சுத்துதேன்னு 1948-ல வார்ன் கம்பெனி ஆரம்பிச்சு, பூட்டித் திறக்கிற முன் சக்கர ஹப் பண்ணி வித்தாங்க. ஹப்பைத் திறந்துவிட்டா சக்கரம் மட்டும் உருளும், ஆக்ஸிலும் ஷாஃப்டும் தூங்கும். ஷாஃப்டைக் கழட்டவே வேணாம். இங்க ஆஸ்திரேலியாவுலயும் இந்த வைத்தியம் உண்டு. 1990-லருந்து வந்த லேண்ட்க்ரூஸர் 80 வரிசையில முழுநேரமும் நாலு சக்கரத்துல ஓடற வண்டிகளுக்கு, நடு டிஃபரன்ஷியலுக்குப் பதிலா ஒரு கட்டையை வச்சு, முன்னாடி இந்த ஹப்பைப் பூட்டி, 'தேவைப்பட்டா நாலு' வண்டியா மாத்தற கிட் விக்கிறாங்க. பாலைவனப் பக்கம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டறவங்க, சொந்தமா ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சவங்க, அதுல ஒரு நியாயம் பார்க்கலாம். வெஸ்ட்மீட்லருந்து ஈஸ்டர்ன் க்ரீக் போறவன் எதுல நியாயம் பார்க்கிறது?

இதுல சட்டமும் இருக்கு. வண்டியோட இழுவை முறையை மாத்தற வேலைக்கு முன்னாடி, நியூ சவுத் வேல்ஸ்னா விஎஸ்சிசிஎஸ் திட்டத்துல உரிமம் வாங்கின சான்றளிப்பவர்கிட்டயும், விக்டோரியான்னா விஏஎஸ்எஸ் பொறியாளர்கிட்டயும் இதுக்குச் சான்று வேணுமான்னு கேட்டுடுங்க. விஎஸ்பி 14-ன்னு நாடு முழுக்கப் பொதுவான மாற்றங்களுக்கான விதித் தொகுப்பும் இருக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லியாகணும். சொல்லாம விட்டு நாளைக்கு ஒரு விபத்துன்னா, க்ளெய்ம் பண்ணும்போது அந்த மிச்சம் பிடிச்ச 131 டாலரை வச்சு என்ன பண்றது? நாக்கு வழிக்கிறதா?

சரி, இப்ப என் கருத்து. ரெண்டு சக்கரமா, நாலு சக்கரமாங்கிறது வண்டி வாங்கும்போது எடுக்க வேண்டிய முடிவு. வாங்கின பிறகு பானட்டைத் திறந்து எடுக்கிற முடிவு இல்லை. கம்பெனிக்காரன் ஷாஃப்ட், கிரௌன், எடை எல்லாத்தையும் சேர்த்து எடுத்துட்டு, பிரேக்கையும் ஸ்பிரிங்கையும் அதுக்கேத்த மாதிரி அமைச்சுக் கொடுப்பான். நம்ம ஃப்யூஸால அது முடியாது.

கம்பெனிங்களே இதைத்தான் செஞ்சிட்டு வர்றாங்க. மெல்பர்ன்ல பிராட்மெடோஸ் ஆலையில 2004-லருந்து 2016 வரைக்கும் ஃபோர்டு டெரிட்டரி செஞ்சாங்க. ஆரம்பத்துலருந்தே பின் சக்கர இழுவை ஒண்ணு, நாலு சக்கரம் ஒண்ணுன்னு ரெண்டு வகை. 2007-ல வந்த டொயோட்டா க்ளூகரும் ரெண்டு வகையிலயும் வந்துச்சு. நம்ம ஊருல மஹிந்திரா தார், 2020-ல வந்த புது வடிவம் முழுக்க நாலு சக்கரம்தான். 2023 ஜனவரியில பின் சக்கர இழுவைத் தார் 9.99 லட்சம் ஆரம்ப விலையில வந்துச்சு. எங்க மாமா ஆணியில தொங்கவிட்டதை ஆலையிலயே கழட்டிக் கொடுத்த மாதிரி!

அப்ப ஏன் இவ்ளோ பழைய நாலு சக்கர வண்டிங்க இந்த ஊர் செகண்ட் ஹேண்ட் சந்தையில நம்மள மாதிரி மாணவனுங்க தலையில வந்து விழுது? ஒரு காரணம் வரி. இறக்குமதி பண்ற சாதாரண காருக்கு 2000-லருந்து 15%, 2005-லருந்து 10% சுங்க வரி இருந்த காலத்துல, நாலு சக்கர இழுவை வண்டிக்கு 5%தான். காட்டுலயும் மேட்டுலயும் ஓட்டறவங்களுக்குன்னு கொடுத்த சலுகை. 2010-ல கார் வரியும் 5%க்கு இறங்கினப்பதான் அந்த வித்தியாசம் போச்சு. அதுக்குள்ள, சேறே பார்க்காம பள்ளிக்கூட வாசலுக்கும் கடைக்கும் போயிட்டு வந்த வண்டிங்களுக்கு மெல்பர்ன்ல 'டூராக் டிராக்டர்'னு ஒரு பட்டப்பேரே வந்துடுச்சு. டூராக் அங்க பணக்காரங்க ஏரியா. வரி மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். உசரமா உக்காந்து ஓட்டற ஆசைக்கும் பங்கு உண்டு. ஆனா விவசாயிக்காக வகுத்த சலுகை நகரத்து ரோட்டை நிரப்பிச்சு. அந்த வண்டிங்க கிழடானதும், பெட்ரோலுக்குக் காசு எண்ற நாம அதை வாங்கிட்டு ஃப்யூஸோட போராடறோம். தேவையில்லாத இழுவைக்கு முதல் ஆள் கொடுத்தது ஷோரூம் விலை, மூணாவது ஆள் கொடுக்கிறது பெட்ரோல்.

இன்னொரு விஷயம். நாலு சக்கரம்னாலே பெட்ரோல் குடிக்கும்ங்கிறதும் இப்ப முழுசா உண்மை இல்லை. 2019-ல இங்க வந்த டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட்ல ரெண்டு சக்கரத்துக்கு அதிகாரபூர்வக் கணக்கு 100-க்கு 4.7 லிட்டர், நாலு சக்கரத்துக்கு 4.8. ஏன்னா அதுல பின்னாடிக்கு ஷாஃப்டே போகல. பின் சக்கரத்துக்குத் தனியா ஒரு மின் மோட்டார். எங்க 12,500 கிலோமீட்டருக்கு அந்த வித்தியாசம் வெறும் 12.5 லிட்டர். குடிக்கிறது சக்கரத்தோட எண்ணிக்கை இல்லை. எடையும், காத்தும், நம்ம வலது காலும்தான்.

அதனால ஜிண்டபைன்லருந்து வந்த மறுநாள் நாங்க வேற வேலை பண்ணோம். மூணே மூணு.

முதல்ல டயர் காத்து. அளந்தா நாலுலயும் 24 பிஎஸ்ஐ! டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கிற தாள்ல போட்ட அளவுக்கு ஏத்தினோம். பங்க்ல காத்து இலவசம். சராசரியா 1 பிஎஸ்ஐ குறைஞ்சா மைலேஜ் சுமார் 0.2% குறையும்னு அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கு சொல்லுது. ஆறு குறைஞ்சா 1.2%. எங்க ஃப்யூஸ் கொடுத்ததுல முக்கால்வாசி காத்துலயே வந்துடுச்சு. பாதுகாப்பும் கூடவே இலவசம்.

ரெண்டாவது, கூரை மேல பெட்டி. ஈஸ்டர் லீவுக்குக் கூடாரம் போடப் போனப்ப மாட்டினது, "அடுத்த தடவை மாட்டணுமே"ன்னு சோம்பேறித்தனமா விட்டு வச்சிருந்தோம். காத்தை எதிர்த்து ஒரு பீரோவைச் சுமந்துக்கிட்டு, கீழ ஷாஃப்ட் சுத்துதேன்னு கவலைப்பட்டிருக்கோம் பாருங்க! நெடுஞ்சாலையில இந்த மாதிரி பெரிய பெட்டி மைலேஜை 6 முதல் 17% வரை குறைக்கலாம்னு அதே துறை சொல்லுது.

மூணாவது, கால். போடிமெட்டு வளைவுல மாமா சொல்வார்: "ஏத்தத்துக்கு கியரு, டீசலுக்குக் காலு." தூரத்துல சிவப்பு தெரிஞ்சா ஆக்ஸிலரேட்டர்லருந்து காலை எடுத்துடறோம். பச்சை விழுந்ததும் பாயறதில்லை.

மூணு டேங்க் அளந்தோம். நாலு சக்கரமும் இழுக்க, ஃப்யூஸ் இல்லாம: 10.4 லிட்டர். 11.3-லருந்து கிட்டத்தட்ட 8% கம்மி. ஒரு நட்டு கூடக் கழட்டல, அந்தப் பெட்டியோட நட்டைத் தவிர.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன், அடிலெய்டு, பெர்த் நகரங்கள்ல பெட்ரோல் விலை அலை மாதிரி ஏறி இறங்கும். உச்சியில டேங்கை நிரப்பறவனும் பள்ளத்துல நிரப்பறவனும் ஒரே பெட்ரோலுக்கு வேற வேற காசு கொடுக்கிறான். நியூ சவுத் வேல்ஸ் அரசு 2016-ல கொண்டுவந்த ஃப்யூயல்செக்ல எந்த பங்க்ல என்ன விலைன்னு பார்க்கலாம். லிட்டருக்கு 20 சென்ட் கம்மியா நிரப்பினா எங்க 1,375 லிட்டருக்கு வருஷம் 275 டாலர். ஷாஃப்டைக் கழட்டினா வரும்னு கனவு கண்டதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. கையில கிரீஸ் படாம!

கோவைக்காரன் இன்னும் முழுசா ஒத்துக்கல. "தனியா ட்ராக்ல போட்டு டெஸ்ட் பண்ணணும் மச்சி"ங்கிறான். பண்ணட்டும். அண்ணா மட்டும் அந்த ஃப்யூஸை எடுத்து ஒரு நூலுல கட்டி சமையலறைச் சுவத்துல, காலண்டர் ஆணியில தொங்கவிட்டிருக்கார். "உங்கட மாமா மாதிரி. கண் முன்னால இருக்கட்டும்" எண்டார்.

டிஸ்கி 1: அடுத்த ஜூலைக்கு நாலு புது டயர் போட்டுட்டுத்தான் மலை ஏறறதா முடிவு. டயர் உண்டியல்ல இதுவரைக்கும் 85 டாலர் சேர்ந்திருக்கு. கூடவே சங்கிலியும் எடுத்துட்டுப் போவோம். கட்டாயம் இல்லேன்னாலும்தான்.

டிஸ்கி 2: சொந்த வண்டியில நிஜமாவே மாத்திப் பார்த்து, டேங்க் கணக்கோட எழுதி வச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. "நல்லா ஃபீல் ஆகுது"ங்கிற கணக்கு வேணாம். அது எங்ககிட்டயே நிறைய இருந்துச்சு.